ரொட்டி அடுப்பில் வெந்த காலா மீன்

சென்ற ஜூலை ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, மாலை ஆறு ஐம்பது. வெளியே ஆனி மாதச் சாரல். பால்கனியில் காய்ந்த துணிகள் அன்று மூன்றாவது முறையாக நனைந்திருந்தன. அடுக்களையில் ஓவன் இருநூறு டிகிரியைத் தொட்டு மணியடித்தது. தட்டில் ஐந்து துண்டு சால்மன் மீன். நாமும் ஐந்து பேர்.

நண்பர்களே, மாதத்தில் ஒரு புதன்கிழமை ஒருவர் வீட்டில் ராச்சாப்பாடு என்று நாம் வைத்துக்கொண்ட முறையில், அன்று என் முறை. மேசையில் நீங்கள் நால்வரும் பேசிய பேச்சுக்கு அன்றே பதில் சொல்லியிருப்பேன். மீன் ஆறிவிடுமே என்ற கவலையில் விட்டுவிட்டேன். பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் இதை எழுதி ஆளுக்கொரு படி அனுப்புகிறேன்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர் முதலில் ஆரம்பித்தார். "ஏப்பா, உம் மக வெளிநாட்டுல இருந்தா அதுக்கு நாங்களும் வெள்ளைக்காரன் பத்தியச் சோறு திங்கோணுமா?"

பொதுப்பணித் துறைக்காரர் முள்கரண்டியால் மீனைக் குத்திப் பார்த்தார். "மீனுன்னா ஒரு கொழம்பு, ஒரு வறுவல். இதென்ன, மழையில நனைஞ்ச செங்கல்லாட்டம்! யூட்யூப்புல பாத்துச் செஞ்சயா?"

செங்கல் என்று சொன்னவர் ஒன்றரைத் துண்டு சாப்பிட்டார். அந்த அரைத் துண்டு என்னுடையது. அது கிடக்கட்டும். யூட்யூப் பார்த்தேனா என்ற கேள்விதான் எனக்குத் தைத்தது. எண்ணெய் ஊற்றாமல், சுற்றிலும் அனல் அடிக்க மீனை வேகவைப்பது எந்த வெள்ளைக்காரனிடமும் நான் கற்றதல்ல. கோயமுத்தூரில், மில் லைன் வீட்டில் குடியிருந்த என் அம்மா செய்தது. அப்போது எனக்குப் பத்து வயது. அந்த வீதியில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது, எங்கள் வீட்டிலும் கிடையாது.

அப்பா நூற்பு மில்லில் ஃபிட்டர். எல்லாரும் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். அந்த வருடம் ஆவணி பிறந்தவுடன் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண், நகம், வேர்வை பட்ட பனியன் எல்லாம் மஞ்சள். செய்தி போன மறுநாளே அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். தாய் தகப்பன் இல்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். வந்த கையோடு அடுக்களைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

பத்தியம் ஆரம்பித்தது. காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். மதியம் உப்பில்லாத மோர்ச்சோறு. இரவில் கஞ்சி. எண்ணெய் வாசம்கூட அப்பாவின் மூக்கில் ஏறக்கூடாது என்பதால் வீட்டில் யாருக்கும் தாளிப்பு இல்லை. கடுகு வெடிக்கிற சத்தம் எங்கள் வீட்டில் நின்றே போயிற்று. மாலையில் விளையாடிவிட்டு வரும்போது, லைனில் இருந்த பதினாறு வீடுகளில் பதினைந்தில் வெங்காயம் வதங்கும். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கீழாநெல்லியின் பச்சை நெடி. அந்த நெடிக்கு நான் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போவேன்.

ஒரு மண்டலம் முடிந்தது. நாற்பத்தெட்டு நாள். கண் வெளுத்துவிட்டது, நகமும் வெளுத்துவிட்டது. அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"நங்கையா, இனி ஒரு ரசமாச்சும் வெச்சுக் குடுக்கலாமுங்களா?"

கணவனின் அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அத்தை கையை ஆட்டினாள். "ஒரு மண்டலம் நோய்க்கு. இன்னொரு மண்டலம் ஒடம்புக்கு. அவசரப்படாத அம்மணி."

இரண்டாவது மண்டலம் தொடங்கியது. அப்பா வற்றிப்போனார். வேட்டி நிற்காமல் மேலே ஒரு சணல் கயிறு கட்டிக்கொண்டார். விரல் மோதிரம் கழன்று இரண்டு முறை தொலைந்து, இரண்டு முறையும் நான்தான் கட்டிலுக்கடியில் கண்டெடுத்தேன். மூன்றாவது முறை தொலைந்தது தொலைந்ததுதான். இவையெல்லாம் பெரிய விஷயமில்லை. அவர் சோறு கேட்பதை நிறுத்திவிட்டார். தட்டை வைத்தால் பார்ப்பார், நான்கு பருக்கை எடுப்பார், தண்ணீர் குடிப்பார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மில்லில் அப்பாவின் இடத்தில் ஒரு பதிலி ஆள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளி கழிந்த வாரம் ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னார்: தை நோம்பியான பொங்கல் முடிந்த மறுநாள் மேஸ்திரி வேலைக்கு வராவிட்டால் அந்த இடம் பதிலிக்குப் போய்விடும். லைன் வீடு மில்லுடையது. வேலை போனால் வீடும் போகும். அம்மா அன்றைக்கே ஜட்கா பிடித்து அப்பாவை மில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் போனேன்.

டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், எடை மேடையில் ஏற்றினார். நாற்பத்து நான்கு கிலோ.

"காமாலை போய் ரொம்ப நாளாச்சும்மா. இப்ப இவருக்கு இருக்கற வியாதி பட்டினி."

"நாத்தனா பத்தியம்னு சொல்றாங்களுங்க."

"எண்ணெய் மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். முட்டை குடுங்க, மீன் குடுங்க. ஐம்பது கிலோ வந்தாத்தான் வேலைக்குப் போகலாம்னு நான் கையெழுத்துப் போடுவேன். மெஷினுக்கு நடுவுல மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?"

ஆறு கிலோ. ஒன்பது வாரம். வரும் வழியெல்லாம் நான் அதை வகுத்துக்கொண்டே வந்தேன். வாரத்துக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. என் கணக்குப் பைத்தியம் அந்த ஜட்காவில் பிடித்தது என்றுதான் நினைக்கிறேன்.

அத்தை கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். "மீனா? என்ற ஊட்டுக்காரருக்கும் இதே காமாலதான். பதினோராம் நாளு ஆசப்பட்டுக் கறிச்சோறு தின்னாரு. பன்னண்டாம் நாளு தூக்கிக்கிட்டுப் போனோம். இந்த ஊட்டு அடுப்புல மீனு ஏறுச்சுன்னா நான் இந்த ஊட்டுல இல்ல."

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவருக்குக் கறிச்சோறு எமனாக வந்ததா, காமாலையே முற்றியிருந்ததா, யாருக்குத் தெரியும்? தம்பியையும் அப்படித் தூக்கிக்கொடுக்கக் கூடாது என்ற பயத்தில், அவள் தம்பியைத் தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளை வெறுத்தேன். இன்று எனக்கு அன்றைய அவளைவிடப் பதினைந்து வயது அதிகம். வெறுக்க முடியவில்லை.

அம்மா சண்டை போடவில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லையில் மஞ்சளும் உப்பும் போட்டுத் தண்ணீரில் மீனை வேகவைத்து, முந்தானையில் மறைத்து எடுத்துவந்தாள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுக் குமட்டினார்.

"துணி தொவச்ச தண்ணியாட்டம் இருக்குது புள்ள. வேண்டாம்."

அவித்த முட்டையும் அப்படியே போயிற்று. வறுத்தால் தின்பார், வறுக்க எண்ணெய் வேண்டும். அம்மா இரண்டு நாள் யோசித்துக்கொண்டே நடமாடினாள். மூன்றாம் நாள், தீபாவளிக்குப் பிஸ்கட் சுட எடுத்த தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, பிஸ்கோத்து எப்பிடி முறுகுது? அடுப்புல யாரு எண்ணெ ஊத்தறா?"

உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது தீபாவளி பிஸ்கட்டைக் கடையில் வாங்க மாட்டார்கள். மைதா, சர்க்கரை, டால்டா எல்லாம் பிசைந்து, வில்லை வெட்டித் தட்டில் அடுக்கி ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் தன் ரொட்டி அடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவார். யார் தட்டு யாருடையது என்று மாறாமலிருக்க ஆளுக்கோர் அடையாளம் கீறி வைப்பார்கள். எங்கள் தட்டின் விளிம்பில் மூன்று கோடு. அடையாளமே இல்லாத தட்டு ஒன்று எல்லா வருடமும் மிஞ்சும், அதற்கு நான்கு பேர் சொந்தம் கொண்டாடுவார்கள்.

எங்கள் வீதிமுனை ரொட்டிக்கடைக்காரர் கோட்டைமேட்டிலிருந்து சைக்கிளில் வருகிற பாய். மாவு படிந்த கைலியும் காதில் செருகிய பீடியுமாக இருப்பார். அன்று மாலை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"ஏனுங்க பாய், ரொட்டி எடுத்த பொறகு அடுப்பு எத்தன நேரம் சூடா இருக்குமுங்க?"

"அது கெடக்கும் அம்மணி, ராத்திரி மாவு வெக்கற வரைக்கும். ஏனுங்க, தீவாளி முடிஞ்சும் பிஸ்கோத்தா?"

"பிஸ்கோத்து இல்லீங்க. மீனுங்க."

பின்னால் மாவு பிசைந்துகொண்டிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "அடுத்தது குருமா கொண்டாருவாங்க மொதலாளி!"

பாய் சிரிக்கவில்லை. "மேஸ்திரி எப்பிடியிருக்காரு?"

"எலும்ப எண்ணலாமுங்க. எண்ணெ ஆகாது. தண்ணியில வெந்தது எறங்க மாட்டேங்குது. உங்க அடுப்புல வெச்சா வறுத்தாப்பல வருமான்னு பாக்கறேனுங்க."

அவர் காதிலிருந்த பீடியை எடுத்து, பற்றவைக்காமல் மறுபடி செருகினார். "என்ற அடுப்புல மாவத் தவிர ஒண்ணும் போனதில்ல. செரி, கொண்டாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பு சும்மாதான் கெடக்குது."

புதன்கிழமை என்று முடிவாயிற்று. திங்கள், வெள்ளி, சனியில் எங்கள் வீட்டுக்குள் மீன் வராது. ஞாயிறன்று விலை ஏறும். அம்மா அதுவரை தனியாக டவுன் பஸ் ஏறியதில்லை. அந்தப் புதன்கிழமை மதியம், பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை வாசலிலேயே திருப்பி, உக்கடத்துக்குப் பஸ் ஏறினாள். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து மரத்தூள் ஒட்டிய ஒரு பெரிய மீனைத் தூக்கிக் காட்டினார் கடைக்காரர்.

"காலா மீனுங்க. மலையாளக் கரையில இருந்து ராத்திரி ரயில்ல வந்தது. முள்ளு கம்மி. தொரைமாருங்க ஊட்டு பட்லருக இதத்தான் சால்மன்னு சொல்லி வாங்கீட்டுப் போவாங்க."

ஆக, நண்பர்களே, அந்தப் பெயரும் எனக்குப் புதிதல்ல. என் ஓவனில் வெந்தது குளிர்ந்த கடலின் மீன். அது வேறு, இது வேறு, தெரியும். ஆனால் இரண்டுக்கும் எண்ணெய் வேண்டியதில்லை, அனல் போதும்.

அம்மா நடுமுள்ளை எடுத்துவிட்டு வால்பக்கத்தை இரண்டு துண்டாகப் போடச் சொன்னாள். வீட்டுக் கொல்லையில், அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். அதுதான் முக்கியம். நான் அன்று காகிதத்தால் மீனை ஒற்றி ஒற்றி எடுத்தபோது வங்கிக்காரர், "கொழந்தைக்குப் பவுடர் போடறாப்பல" என்று கேலி செய்தாரே, அது அம்மாவின் கை. உப்பு, மிளகு, மஞ்சள், தட்டிய சின்ன வெங்காயம், மேலே எலுமிச்சைச் சாறு. வாழை இலையை அனலில் வாட்டி அதன் மேல் மீனை வைத்து, மூன்று கோடு போட்ட தட்டில் எடுத்துக்கொண்டாள். நான் குடை பிடித்தேன். கார்த்திகை மழை குடைக்குள்ளும் வந்தது.

ரொட்டி அடுப்பை அதற்குமுன் நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இருட்டுக் குகை. வாயைத் திறந்ததும் முகத்தில் அனல் வந்து ஒட்டிக்கொண்டது. நனைந்த சட்டையிலிருந்து ஆவி பறந்தது. பாய் நீண்ட மரத்துடுப்பில் தட்டை ஏற்றி உள்ளே தள்ளினார்.

"எத்தன நேரமுங்க?" என்றாள் அம்மா.

"பிஸ்கோத்துன்னா சொல்லுவேன். மீனுக்கு எனக்கென்னங்க தெரியும்? நான் ரெண்டு பீடி குடிக்கறேன். அப்பறம் பாக்கலாம்."

இரண்டு பீடி. என் ஓவனில் பன்னிரண்டு நிமிடம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நான் பிற்காலத்தில் பீடி குடிக்கிற ஒரு சக ஊழியரை வைத்துக் கடிகாரம் பார்த்திருக்கிறேன். அன்று பத்தாவது நிமிடத்தில் ஓவன் கதவைத் திறந்த பொதுப்பணித் துறைக்காரருக்காக இதைச் சொல்கிறேன். பாய் பீடி முடியாமல் கதவைத் தொடவில்லை.

தட்டு வெளியே வந்தது. இலை ஓரம் கருகி, மீனின் மேல்தோல் பொன்னிறமாக இறுகி, எலுமிச்சை வாசமும் மிளகு வாசமும் ரொட்டி வாசத்தோடு கலந்து நின்றது. மாவு பிசைகிற பெரியவர் எட்டிப் பார்த்து, "எனக்கும் காமால வந்தாத் தேவல" என்றார்.

வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தாள். கோயிலிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டாள்.

"என்னது அது?"

"மீனுங்க நங்கையா."

"என்ற தம்பியக் கொன்னுபோடறதுன்னே முடிவு பண்ணீட்டயா?"

"எண்ணெ ஒரு சொட்டு இல்லீங்க. இந்த ஊட்டு அடுப்புலயும் வெக்கலீங்க. நீங்களே மோந்து பாருங்க."

"அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அம்மா தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை. "ஆச்சுன்னா என்னைய ஊரு பேசட்டுமுங்க. இப்பிடியே உட்டா அவரு போறதுக்கு ஊரு உங்களைய ஒண்ணும் சொல்லாது, என்னையும் ஒண்ணும் சொல்லாது. எனக்கு அது வேண்டாமுங்க." அதுவரை அத்தையிடம் அம்மா இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. குரலை உயர்த்தவில்லை, 'ங்க' ஒன்றைக்கூட விடவில்லை. அத்தை வழியை விட்டு விலகினாள். ஆனால் உள்ளே வராமல் வாசற்படியிலேயே, மழைச் சாரலில், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா முதலில் முகர்ந்தார். சுவர்ப் பக்கம் இருந்தவர் இந்தப் பக்கம் திரும்பி எழுந்து உட்கார்ந்தார். ஓரத்தில் முறுகியிருந்ததைக் கிள்ளி வாயில் வைத்தார். நாங்கள் குமட்டலுக்குக் காத்திருந்தோம். அம்மாவின் கையில் எச்சில் பாத்திரம் தயாராக இருந்தது. அப்பா மென்றார், விழுங்கினார், மறுபடி கிள்ளினார். வெறும் இலை மிஞ்சியபோது கேட்டார்.

"இன்னொரு துண்டு இருக்குதா புள்ள?"

மூன்று மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் சோறு அது. இருந்த இரண்டாவது துண்டு எனக்கென்று வைத்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமலே எடுத்து வைத்துவிட்டாள். என் துண்டைப் பிறர் தின்பது அன்றே ஆரம்பித்துவிட்டது.

அத்தை அன்று வாசலிலேயே விடிய விடிய இருந்திருப்பாள் போல. காலையில் முதல் வேலையாகத் தம்பியின் கண்ணை விரித்துப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. அடுத்த புதன்கிழமைக்குள் முட்டை இறங்கியது, பருப்பு இறங்கியது. ரொட்டி அடுப்பில் முதல் முறை மீன் கொஞ்சம் உலர்ந்துவிட்டது என்று இரண்டாம் வாரத்திலிருந்து அம்மா இலையை முழுதும் மூடிச் சுற்றி, ஒரு டப்பாவில் வைத்து, மூடி ஓரத்தைக் கோதுமை மாவால் ஒட்டி அனுப்பினாள். ஒவ்வொரு வாரமும் மளிகைக்கடைத் தராசில் அப்பாவை நிறுத்த நான் கேட்பேன். மூட்டை நிறுக்கிற தராசு, கடைக்காரர் விரட்டுவார். நான்காவது வாரம் அத்தை தானாகவே இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து அம்மிப் பக்கத்தில் வைத்தாள். மார்கழி பாதியில் இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "ஊருல காடு உழுவாமக் கெடக்குது, வாரேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

தை நோம்பிக்கு இரண்டு நாள் முன்னால் மில் டாக்டரின் எடை மேடை. பையில் சில்லறை இருந்தால் எடுத்துவிடச் சொன்னாள் அம்மா. கள்ளக் கணக்கு வேண்டாமாம். முள் ஆடி நின்றது. ஐம்பது கிலோ, இருநூறு கிராம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா குடுத்தீங்க?"

"மீனுங்க. ரொட்டிக்கடை அடுப்புல சுட்டதுங்க."

அவர் கம்பவுண்டரைக் கூப்பிட்டு அதை மறுபடி சொல்லச் சொன்னார். அம்மா சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. நிமிர்ந்து நின்று கையெழுத்து முடியும் வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டமளிப்பு விழாக்கள் ஒன்பது பார்த்திருக்கிறேன், என்னுடையது இரண்டும் சேர்த்து. அப்படி நிமிர்ந்து நின்ற யாரையும் நான் பார்க்கவில்லை.

நோம்பி முடிந்த மறுநாள் அப்பா காலை ஷிப்டுக்குப் போனார். முதல் சம்பளம் வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ரொட்டிக்கடைக்கு நடந்தார்.

"பாய், எட்டு வாரம் அடுப்பக் குடுத்தீங்க. எவ்வளவுங்க?"

"என்ன எவ்வளவு? ஆறுன அடுப்புக்கு வாடகையா? போங்க மேஸ்திரி."

"சும்மா தின்னுபோட்டுப் போனான்னு இருக்கக் கூடாதுங்க."

மாவு பிசைகிற பெரியவரால் அடக்க முடியவில்லை. "மொதலாளி, அந்த மொத வாரத்து நாப்பது ரொட்டியச் சொல்லிப்போடுங்க!"

பாய் அவரை முறைத்தார். அப்பா விடவில்லை. கடைசியில் பாய் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். முதல் புதன்கிழமை திறந்த தட்டிலிருந்து மீன் சாறு வழிந்து அடுப்புத் தரையில் கருகியிருக்கிறது. இரவு சுட்ட ரொட்டி அத்தனையிலும் மீன் வாசம். காலையில் டீக்கடைக்காரர்கள் ஒருவர் விடாமல் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

"ஏனுங்க, அம்மணிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே?" என்றார் அப்பா.

"சொல்லியிருந்தா அடுத்த புதங்கெழம அம்மணி வந்திருக்குமுங்களா?"

அப்பா சட்டைப் பையில் கைவிட்டார். நாற்பது ரொட்டி, ஒன்றுக்கு நாற்பத்தைந்து காசு. பாய் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்ள, அப்பா கல்லாவின் மேல் வைத்துவிட்டு வந்தார்; ஒரே தவணையில் முடியாமல் மூன்று சம்பளத்தில், ஆறு ஆறாக. அதற்குப்பின் இருபத்தாறு வருடம் மில்லில் வேலை பார்த்தார். கல்யாண வீடோ காதுகுத்தோ, யார் உடம்பை விசாரித்தாலும் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, இந்த உயிர் தனக்கு என்ன விலைக்குக் கிடைத்தது, யார் சம்பாதித்துக் கொடுத்தது என்று ஆரம்பித்துவிடுவார். அம்மா அடுக்களைக்குள்ளிருந்து, "போதுமுங்க, எல்லாருக்கும் தெரியும்" என்பாள். அவர் நிறுத்தமாட்டார். தொகையைச் சொல்லித்தான் முடிப்பார்: பதினெட்டு ரூபாய்.